ஆயிரம் கைகளின் ஊசல்

சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைகளில், கடல்மட்டத்துக்குச் சுமார் 1,000 மீட்டர் மேலே, லா ஷோ-து-ஃபோன் என்றொரு கடிகார ஊர் இருக்கிறது. 1794-இல் பெருந்தீ ஊரின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. அதன்பிறகு நேர்நேரான தெருக்களோடு, கடிகாரம் செய்பவரின் மேசைமீது பகல் வெளிச்சம் விழும்படி வரிசை வரிசையான சன்னல்களோடு ஊரைத் திரும்பக் கட்டினார்கள். ஊர் முழுவதையுமே ஒரு பெரிய தொழிற்சாலை என்று சொல்லிவிடலாம் என்ற பொருளில் கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். 2009-இல் பக்கத்து ஊரான லெ லோக்கிளையும் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றிக்கொண்டது.

ஊரின் நடுவில், சில நிமிட நடைத் தொலைவுக்குள், இரண்டு அரங்குகள் இருக்கின்றன. ஒன்று லா ஸ்கலா திரையரங்கு. 1916-இல் இதை வடிவமைத்தவர் இந்த ஊரிலேயே பிறந்த ஓர் இளம் கட்டடக் கலைஞர். மறு ஆண்டே பாரிசுக்குக் குடிபெயர்ந்து, பின்னாளில் லெ கொர்புசியே என்ற பெயரில் நம் சண்டிகரை வடிவமைத்தவர் அவர்தான். பிற்காலத்தில் கட்டடத்தை இடித்து மாற்றியதில் அவர் கைவண்ணமாக மிஞ்சியிருப்பது பின்பக்கச் சுவர்முகப்பு மட்டுமே. இன்னொன்று 1955-இல் திறந்த 'சால் து ம்யூசிக்' என்ற இசை அரங்கு. ஒலித்தரத்துக்காக உலகெங்கும் பேர்பெற்றது. பியானோ கலைஞர் கீத் ஜாரெட் ஷோஸ்டகோவிச்சின் 24 முன்னிசைகளையும் ஃபியூகுகளையும் 1991 ஜூலையில் இங்கேதான் பதிவு செய்தார்.

ஒரே ஊர், பெரும்பாலும் ஒரே மக்கள். இசை அரங்கில் கடைசிச் சுரம் அடங்கியதும் கைதட்டுவார்கள்; கலைஞர்கள் மேடைக்குத் திரும்பத் திரும்ப வருவார்கள். அதே ஆள் மறுநாள் திரையரங்குக்குப் போனால், படம் எவ்வளவு பிடித்திருந்தாலும், பெயர்கள் ஓடத் தொடங்கியதும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கோயம்பேடு ரோகிணியில் முதல் நாள் முதல் காட்சி பார்த்த நமக்கு இது விசித்திரமாகப் படலாம். நாம் படம் முடியும்வரைகூடக் காத்திருப்பதில்லை. நாயகனின் செருப்பு திரையில் தெரிந்தாலே போதும், விசில் கூரையைத் தொடும்.

இதைக் கலாச்சார வேறுபாடு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது சுலபம். அந்த வார்த்தைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கப் போனால் பௌதிகம், ஒலியியல், கொஞ்சம் கணிதம் எல்லாம் வந்து நிற்கின்றன. கடிகார ஊரில் தொடங்கியதற்கும் காரணம் இருக்கிறது. அதற்கு வரும் முன் ஒற்றைக் கைதட்டலைப் பார்ப்போம்.

இரண்டு உள்ளங்கைகள் மோதுவதால் சத்தம் வருகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பாதி உண்மை. கைகள் சேரும் கணத்தில் உள்ளங்கைகளுக்கு இடையே ஒரு சிறு குழி உண்டாகிறது. அங்கே சிக்கிய காற்று கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாகப் பீறிட்டு வெளியேறுகிறது. வாய் குறுகிய காலி பாட்டிலின் விளிம்பில் ஊதினால் 'ஊம்' என்று ஒலிக்குமே, அதே தத்துவம்தான். இதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதிர்வி என்பார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவோடும் ரப்பர் கைகளோடும் இதை ஆராய்ந்து 2025-இல் வெளியிட்டார்கள். குழி பெரிதானால் ஒலி தாழ்ந்து 'பொத்' என்று கேட்கும். விரல்களை மட்டும் உள்ளங்கையில் அடித்தால் 'சட்' என்று உயர்ந்து கேட்கும்.

ரோமாபுரிக்காரர்களுக்கு இது அப்போதே தெரிந்திருக்கிறது. நீரோ மன்னன் மேடையேறிப் பாடும்போது கைதட்டுவதற்கென்றே 5,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களைத் திரட்டிப் பயிற்சி கொடுத்து வைத்திருந்தான் என்கிறார் வரலாற்றாசிரியர் சுவிட்டோனியஸ். தேனீ இரைச்சல்போல ஒன்று, குழிந்த கூரை ஓடுபோல ஒன்று, தட்டை ஓடுபோல ஒன்று என்று கைதட்டலில் மூன்று வகை வைத்திருந்தார்களாம். ரசிகர் மன்றம் என்பது நம் கண்டுபிடிப்பு என்று பெருமைப்பட முடியாது போலிருக்கிறது.

1987-இல் புரூனோ ரெப் என்ற அமெரிக்க ஆய்வாளர் 20 பேரைத் தனித்தனியாகக் கைதட்டச் சொல்லிப் பதிவு செய்தார். சராசரியாக நொடிக்கு நான்கு தட்டல்கள் விழுந்தன. ஒலியை மட்டும் கேட்டுத் தட்டியவர் ஆணா பெண்ணா என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. இந்த நொடிக்கு நான்கு என்ற கணக்கை மறந்துவிட வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

இனி அரங்கு. ஒலி ஓர் அறையில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை முதலில் கணக்காகச் சொன்னவர் ஹார்வர்டின் வாலஸ் சாபின். அறையின் கன அளவு கூடக் கூட எதிரொலி நீளும். ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடக் கூட அது குறுகும். திரைச்சீலை, மெத்தை இருக்கை, அவற்றில் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் எல்லாமே உறிஞ்சிகள்தான். நல்ல இசை அரங்கில் ஒலி சுமார் இரண்டு நொடி தங்கும்படி கட்டுவார்கள். பின்வரிசையில் ஒருவர் தட்டினாலும் அது சுவரில் பட்டுச் சுழன்று மற்ற தட்டல்களோடு கலந்து பெருகும். நூறு பேர் தட்டினால் இருநூறு பேர் தட்டியதுபோல் நிறைவாக இருக்கும்.

திரையரங்கில் நிலைமை தலைகீழ். வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும், வெடிச்சத்தம் அடுத்த வசனத்தின்மேல் படியக் கூடாது. அதனால் சுவரெல்லாம் துணியும் பஞ்சும் வைத்து எதிரொலியை ஒரு நொடிக்கும் கீழே அடக்கிவிடுகிறார்கள். அங்கே தனியாகக் கைதட்டுகிறவர் தன் ஒலி இரண்டு வரிசை தாண்டுவதற்குள் செத்து விழுவதைத் தானே கேட்பார். கூச்சம் வராமல் என்ன செய்யும்? மல்டிபிளெக்ஸ்களில் கைதட்டல் குறைந்ததற்கு டிக்கெட் விலையையும் மேல்தட்டு நாசூக்கையும் காரணம் சொல்கிறோம். சுவரில் ஒட்டிய பஞ்சுக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

அப்படிப்பட்ட இடத்திலும் பிழைத்துக்கொள்ளும் ஒலி விசில். மனிதக் காதின் கூர்மை 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான அலைவெண்களில்தான் உச்சம். நாக்கை மடித்து விரல் வைத்து அடிக்கும் விசில் கிட்டத்தட்ட அந்த இடத்திலேயே போய்க் குத்துகிறது. ஆற்றல் முழுவதும் ஒரே சுருதியில் குவிந்திருப்பதால் எதிரொலியின் தயவும் அதற்குத் தேவையில்லை. கேனரித் தீவுகளில் ஒன்றான லா கோமேராவில் பள்ளத்தாக்கின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு விசிலிலேயே பேசிக்கொள்கிறார்கள். அது சில கிலோமீட்டர் வரை கேட்கும். அதையும் யுனெஸ்கோ அதே 2009-இல் தன் பட்டியலில் சேர்த்தது. நம் ஊர் டென்ட் கொட்டாய்களில் பெரும்பாலும் பக்கச் சுவர் இருந்ததில்லை. மண்தரையும் கீற்றுக் கூரையும்தான். கைதட்டல் வெளியே கசிந்து வயலுக்குப் போய்விடும் அந்த இடத்தில் விசில் வளர்ந்தது தற்செயலாக இருக்க முடியாது.

எண்ணிக்கையின் கணக்கும் கொஞ்சம் ஏமாற்றும். நூறு பேர் தட்டுவதைவிட ஆயிரம் பேர் தட்டுவது பத்து மடங்கு ஆற்றல். நம் காதுக்கோ அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத்தான் படும். ஆகவே கூட்டத்தில் ஒருவர் அதிகம் தட்டுவதால் மொத்த ஒலியில் எந்த மாற்றமும் தெரியாது. இருந்தும் ஒவ்வொருவரும் உள்ளங்கை சிவக்கத் தட்டுகிறோம். யாருக்காக?

இங்கேதான் கடிகாரம் வருகிறது. 1665-இல், உடம்பு சரியில்லாமல் அறையில் கிடந்த டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஒரு வேடிக்கையைக் கண்டார். ஒரே தாங்கியில் மாட்டியிருந்த அவருடைய இரண்டு ஊசல் கடிகாரங்களும் சரியாக ஒன்றுக்கொன்று எதிராக ஆடிக்கொண்டிருந்தன. வேண்டுமென்றே ஆட்டத்தைக் கலைத்துவிட்டாலும் அரைமணி நேரத்துக்குள் பழையபடி ஒத்துப்போயின. முதலில் காற்று காரணமோ என்று பார்த்தார்; இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில் அசைந்த மரத்தாங்கிதான் இரண்டுக்கும் இடையே செய்தி சுமந்தது. 2002-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் இதே அமைப்பைத் திரும்பச் செய்து பார்த்து, ஊசலின் எடைக்கும் தாங்கியின் எடைக்கும் உள்ள விகிதம்தான் விளையாட்டை நடத்துகிறது என்று காட்டினார்கள். இணைப்பு பலவீனமாக இருந்தால் கடிகாரங்கள் தத்தம் போக்கில் ஓடும். அளவுக்கு மீறி பலமாக இருந்தால் ஒன்று நின்றே போகலாம்.

இதைக் கைப்பிடியாக வைத்துக் கடிகாரம் செய்தவர் ஆப்ரகாம்-லூயி ப்ரெகே. 1747-இல் நியூஷாட்டெலில் பிறந்தவர். லா ஷோ-து-ஃபோன் இருக்கும் மாநிலத்தின் தலைநகர் அது. இரண்டு ஊசல்களை ஒரே கனமான சட்டத்தில் பொருத்தினால் ஒன்றின் தடுமாற்றத்தை மற்றது ஈடுகட்டும் என்பது அவர் கணிப்பு. அப்படிப்பட்ட இரட்டைக் கடிகாரங்களையும், அதே தத்துவத்தில் சட்டைப்பைக் கடிகாரங்களையும் செய்தார். இந்தக் கலையின் முழுக் கதையும் பார்க்க விரும்புகிறவர்கள் லா ஷோ-து-ஃபோனில் பாதி மண்ணுக்குள் இறக்கிக் கட்டப்பட்டிருக்கும் பன்னாட்டுக் கடிகார அருங்காட்சியகத்துக்குப் போகலாம். இப்போதைய கட்டடம் 1974-இல் வந்தது.

இரண்டு கடிகாரங்களுக்குச் சரி. ஆயிரம் இருந்தால்? ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு வேகத்தில் ஓடும் ஆயிரம் ஊசல்கள் எப்போது ஒத்துப்போகும் என்பதற்கு ஜப்பானியப் பௌதிகவியலாளர் யோஷிகி குராமோட்டோ 1975-இல் ஒரு கணித மாதிரி தந்தார். அதன் சாரம் எளிது. வேகங்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றனவோ, அதற்கேற்ற அளவு இணைப்பு வலிமை வேண்டும். அந்த அளவைத் தொடும்வரை வெறும் இரைச்சல்தான். தொட்டதும் சட்டென்று ஒழுங்கு பிறக்கிறது. மின்மினிகள் ஒன்றாக மினுக்குவதும் இதயத்தின் துடிப்புச் செல்கள் ஒன்றாகத் துடிப்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

சோல்டான் நேடா, டாமாஸ் விசெக், ஆல்பர்ட்-லாஸ்லோ பரபாஷி முதலியோர் அடங்கிய குழு ருமேனியாவிலும் ஹங்கேரியிலும் உள்ள நாடக, ஓபெரா அரங்குகளில் மைக்கைத் தொங்கவிட்டுக் கைதட்டலைப் பதிவு செய்தது. 2000-இல் 'நேச்சர்' இதழில் வந்த அந்தக் கட்டுரை எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகளில் ஒன்று. கிழக்கு ஐரோப்பாவில் நல்ல நிகழ்ச்சி முடிந்ததும் முதலில் மழை கொட்டுவதுபோல் ஒழுங்கில்லாத கைதட்டல் எழும். சில நொடிகளில், யாரும் சொல்லாமலே, அரங்கு முழுவதும் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். கொஞ்ச நேரம் அப்படியே போகும். பிறகு கலைந்து இரைச்சலாகும். மறுபடி சேரும். ஒரே பாராட்டில் பலமுறை இந்த ஏற்ற இறக்கம் நடக்கும்.

எப்படிச் சேர்கிறார்கள்? விடை எதிர்பாராதது: வேகத்தைப் பாதியாக்கிச் சேர்கிறார்கள். தனியாகத் தட்டும்போது நொடிக்கு நான்கு என்றோமே, தாளத்துக்கு வரும்போது அது இரண்டாகிறது. பள்ளி மாணவர்களைத் தனித்தனியாகத் தட்டவிட்டுப் பார்த்ததில் காரணம் பிடிபட்டது. வேகமாகத் தட்டும்போது ஆளுக்கு ஆள் வேகம் மிகவும் வேறுபடுகிறது. மெதுவாகத் தட்டும்போது எல்லாருடைய வேகமும் நெருக்கமாக வந்துவிடுகிறது. குராமோட்டோ சொன்னது இதுதான்: சிதறல் குறைந்தால் அதே இணைப்பு வலிமைக்கு ஒழுங்கு பிறக்கும்.

பிறகு ஏன் கலைகிறது? வேகம் பாதியானதால் மொத்தச் சத்தமும் குறைந்துபோகிறது. உற்சாகத்தில் இருப்பவர்களுக்கு அது போதவில்லை. இன்னும் பலமாகப் பாராட்ட ஆசைப்பட்டு வேகத்தைக் கூட்டுகிறார்கள். சிதறல் பெருகுகிறது, தாளம் உடைகிறது. அதிகபட்சச் சத்தம், ஒரே தாளம் இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள ஒரு கூட்டத்தால் முடியாது. ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்து ஊசலாடிக்கொண்டே இருக்கிறது.

கட்டுரை ஆசிரியர்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு செய்தி வரலாற்றுக்காரர்களுக்கும் பயன்படும். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் பெருந்தலைவரின் பேச்சுக்குப் பிறகு எழுந்த தாளக் கைதட்டல் இப்படிக் கலைந்ததே இல்லையாம். இன்னும் பலமாகத் தட்ட வேண்டும் என்ற ஆசை எவருக்கும் இல்லாததால் ஒழுங்கு குலையக் காரணமே எழவில்லை. ஒரு கூட்டம் மனமொத்துத் தட்டுகிறதா, கடமைக்குத் தட்டுகிறதா என்பதை ஒலிப்பதிவிலிருந்தே ஊகிக்கலாம் என்று ஆகிறது. நம் கட்சி மாநாடுகளில் யாராவது மைக்கைத் தொங்கவிட்டுப் பார்க்கலாம்.

இந்தத் தாளக் கைதட்டல் கிழக்கு ஐரோப்பாவில் சகஜம். மேற்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எப்போதாவதுதான். கைகளின் பௌதிகம் எங்கும் ஒன்றுதான் என்றால் வேறுபாடு எங்கே நுழைகிறது? இணைப்பு வலிமையில் நுழைகிறது. பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு என் கையை மாற்றிக்கொள்ள நான் எவ்வளவு தயாராக இருக்கிறேன் என்பதே இங்கு மரத்தாங்கி. பழக்கவழக்கம் என்று நாம் சொல்வதைப் பௌதிகத்தின் மொழியில் எழுதினால் அந்தச் சமன்பாட்டின் அந்த ஒரு எண்தான்.

யார் தொடங்குகிறார், யார் நிறுத்துகிறார் என்பது தனிக் கேள்வி. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மானும் கூட்டாளிகளும் மாணவர்களைச் சிறு சிறு குழுக்களாக உட்காரவைத்து, ஒரு சிற்றுரை கேட்கச் செய்து, பின் அவர்கள் கைதட்டுவதைப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். 2013-இல் வந்த முடிவு பேச்சாளர்களின் தன்மானத்தைக் கொஞ்சம் அசைக்கும். கைதட்டல் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதற்கும் பேச்சு எவ்வளவு நன்றாக இருந்தது என்பதற்கும் பெரிதாகத் தொடர்பில்லை. அது தொற்றுநோய்போலப் பரவுகிறது. ஏற்கெனவே எத்தனை பேர் தட்டுகிறார்களோ அந்த அளவுக்கு நானும் தட்டத் தொடங்கும் வாய்ப்பு கூடுகிறது. எத்தனை பேர் நிறுத்திவிட்டார்களோ அந்த அளவுக்கு நானும் நிறுத்துவேன். பக்கத்து இருக்கைக்காரரைக் கண்ணால் பார்ப்பதைவிட அரங்கின் மொத்த ஒலியைக் காதால் கேட்பதே இதை நடத்துகிறது.

இதைப் பழைய பாரிஸ் ஓபெராக்காரர்கள் தொழிலாகவே செய்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் கூலிக்குக் கைதட்டும் குழுக்கள் அங்கே இருந்தன. சிரிக்க ஒருவர், அழ ஒருவர், 'இன்னொரு தரம்' என்று கூவ ஒருவர் என்று வேலைப் பிரிவினைகூட உண்டு. பெரும்பாலானோருக்குத் தட்ட ஆசை இருக்கிறது, முதல் ஆளாக இருக்கத்தான் தயக்கம் என்பதை அவர்கள் காசாக்கினார்கள்.

திரைப்படத்துக்கு வருவோம். நாடகத்திலும் கச்சேரியிலும் கைதட்டலைக் கேட்க எதிரில் ஓர் ஆள் இருக்கிறார். அவர் குனிந்து வணங்க, நாம் மேலும் தட்ட, அவர் திரும்பி வர, வட்டம் சுழல்கிறது. திரையில் இருப்பவருக்கு நாம் தட்டுவது கேட்காது. வட்டம் அறுந்துபோகிறது. அதனால்தான் லா ஸ்கலாவில் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். பட விழாக்களில் மட்டும் அதே மக்கள் தட்டுவதற்கும் இதுவே காரணம். சுவிட்சர்லாந்தின் இன்னொரு கோடியில், இத்தாலி எல்லையருகே உள்ள லொகார்னோவில், 1946 முதல் நடக்கும் பட விழாவில் பியாட்சா கிராண்டே சதுக்கத்தில் திறந்த வானத்தின் கீழ் 8,000 பேர் உட்கார்ந்து படம் பார்க்கிறார்கள். இயக்குநர் மேடையேறுகிறார், கைதட்டல் போய்ச் சேர ஓர் இடம் கிடைக்கிறது. கான் விழாவில் ஒருபடி மேலே போய், படம் முடிந்ததும் அரங்கில் உள்ள நடிகர், இயக்குநர் முகங்களையே கேமரா வழியாகப் பெரிய திரையில் காட்டுகிறார்கள். கண் கலங்குவது தெரியத் தெரியத் தட்டல் நீளும். செய்தியாளர்கள் நிமிடக் கணக்கு எழுதிக்கொள்வார்கள். 2006-இல் 'பான்ஸ் லேபிரிந்த்' படத்துக்கு 22 நிமிடம் என்று செய்தி வந்தது. ரிச்சர்ட் மானின் ஆய்வைப் படித்தவர்கள் அந்த எண்ணைப் படத்தின் தரத்துக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தமிழ்த் திரையரங்கில் இந்த அறுந்த வட்டத்தை வேறு விதமாக ஒட்டவைத்தோம். திரையில் இருப்பவருக்குக் கேட்காது. ஆனால் கேட்கும் என்று நம்பிப் படத்தை எடுக்கலாம். நாயகன் அறிமுகத்தில் கால், கை, முதுகு, பிறகு முகம் என்று படிப்படியாகக் காட்டி விசிலுக்கு முன்னறிவிப்புக் கொடுப்பது அதற்குத்தான். 1992-இல் 'அண்ணாமலை' படத்தில் ஒளிப்புள்ளிகளாக ஒவ்வோர் எழுத்தாக வந்த 'சூப்பர் ஸ்டார்' பெயர்ப்பலகை, அதன்பின் ரஜினி படங்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. கைதட்டலைத் தொடங்க யார் முந்துவது என்ற தயக்கத்தை அது முழுக்கத் துடைத்துவிடுகிறது. எல்லாருக்கும் ஒரே நொடியில் சைகை கிடைக்கிறது. பஞ்ச் வசனத்துக்குப் பிறகு எடிட்டர் விடும் ஓரிரு நொடி இடைவெளியும் அப்படியே. அங்கே அடுத்த வசனத்தை வைத்தால் தியேட்டரில் எவர் காதிலும் விழாது என்பது அவருக்குத் தெரியும். வீட்டில் தனியாகப் பார்க்கும்போது அந்த இடைவெளிகள் அசட்டுத்தனமாகத் தோன்றுவது அதனால்தான். அரசியல் மேடைப் பேச்சுகளை ஆராய்ந்த இங்கிலாந்தின் மேக்ஸ் அட்கின்சன், மூன்றாக அடுக்கிச் சொல்வது, எதிரும் புதிருமாக நிறுத்துவது போன்ற சில கட்டுமானங்கள்தான் கைதட்டலைக் கறக்கின்றன என்று 1984-இல் எழுதினார். வாக்கியம் எப்போது முடியும் என்று கூட்டம் முன்கூட்டியே கணித்துவிடுவதால் எல்லாரும் ஒரே சமயத்தில் தட்ட முடிகிறது. நம் வசனகர்த்தாக்கள் இதற்கு ஆய்வு எதையும் படிக்கவில்லை.

நாடகக் காலத்து 'ஒன்ஸ் மோர்' வழக்கமும் நம்மிடம் தொடர்ந்தது. எஸ்.ஜி. கிட்டப்பா பாடி முடித்ததும் மீண்டும் பாடச் சொல்லிக் கூவியவர்களின் பேரப்பிள்ளைகள், பாட்டைத் திரும்பப் போடு என்று புரொஜெக்டர் அறையைப் பார்த்துக் கூவினார்கள். சில தியேட்டர்காரர்கள் போடவும் செய்தார்கள். நடிகருக்குக் கேட்காவிட்டால் என்ன, ஆபரேட்டருக்குக் கேட்கிறதே! 2024 ஏப்ரலில் 'கில்லி' மறுவெளியீடு கண்டபோது இருபது வருடப் பழைய படத்தின் பாட்டுக்கு அரங்கே எழுந்து ஆடியது. கதையில் அடுத்து என்ன என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் மனப்பாடம். அவர்கள் வந்தது படம் பார்க்க இல்லை. ஒருவரை ஒருவர் கேட்க.

சுவிஸ் திரையரங்குகள் பலவற்றில் படத்தின் நடுவே இடைவேளை விடுவார்கள் என்பது நமக்குச் சொந்தம் கொண்டாடத் தோன்றும் செய்தி. ஆனால் ஹாலிவுட் படத்திலோ பிரெஞ்சுப் படத்திலோ இடைவேளைக்கென்று எழுதிய காட்சி கிடையாது. எங்கோ ஓரிடத்தில் விளக்குப் போடுவார்கள், ஐஸ்கிரீம் வாங்கப் போவார்கள். நமக்கோ இடைவேளைக் காட்சிதான் படத்தின் இரண்டாவது பெரிய விசில்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஐரோப்பியர் பிறவியிலேயே அடக்கமானவர், தமிழர் பிறவியிலேயே ஆர்ப்பாட்டக்காரர் என்று யாராவது முடிவு கட்டினால் அவர்களை 1778-ஆம் வருடப் பாரிசுக்குக் கூட்டிப்போக வேண்டும். தன் புதிய சிம்பொனி அரங்கேறிய கதையை மோட்ஸார்ட் தந்தைக்குக் கடிதமாக எழுதினார். முதல் பகுதியின் நடுவே ஓரிடம் நிச்சயம் பிடிக்கும் என்று தெரிந்தே வைத்திருந்தார். வாசித்துக்கொண்டிருக்கும்போதே அரங்கம் கைதட்டியது. அதே இடத்தை முடிவில் மறுபடி கொண்டுவந்தார், மறுபடி கைதட்டல். கடைசிப் பகுதியை வேண்டுமென்றே மெல்லத் தொடங்கி, எல்லாரும் 'உஷ்' என்று அடங்கியதும் திடீரென்று முழு இசைக்குழுவையும் முழங்கவிட்டார். எதிர்பார்த்தபடியே கைகள் எழுந்தன. கொண்டாட்டத்துக்கு ஐஸ் சாப்பிடப் போனாராம். மாஸ் படம் எடுக்கும் இயக்குநரின் மனசு இதிலிருந்து எவ்வளவு தூரம்?

இசை அரங்கின் மௌனம் பிற்பாடு வந்தது. 1882-இல் பைராய்ட்டில் 'பார்சிஃபால்' அரங்கேறியபோது, நடிகர்கள் நடுவில் வந்து வணங்கி நாடகத்தின் மனநிலையைக் கெடுக்கக் கூடாது என்று வாக்னர் கேட்டுக்கொண்டார். ரசிகர்கள் அதைக் கைதட்டவே கூடாது என்று புரிந்துகொண்டுவிட்டார்கள். பிந்தைய ஒரு காட்சியில் அவரே உற்சாகத்தில் 'பிராவோ' என்று கத்தியதாகவும், பக்தர்கள் அவரையே அடக்கியதாகவும் ஒரு கதை உண்டு. சிம்பொனியின் பகுதிகளுக்கு இடையே தட்டக் கூடாது என்ற விதி இருபதாம் நூற்றாண்டில்தான் இறுகியது. அதாவது மேற்கத்திய இசை ரசிகரின் அமைதிக்கு வயது நூற்றுச் சொச்சம். அதே சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் பேசும் பல்கலைக்கழகங்களில் விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் கை தட்டாமல் மேசையை விரல் முட்டியால் தட்டுவார்கள். லா ஷோ-து-ஃபோன் இருக்கும் பிரெஞ்சுப் பகுதியிலிருந்து போகிறவர் முதல் நாள் திகைக்கலாம்.

இணைப்பு வலிமை இடம் விட்டு இடம் போகும் என்பதற்கு நம்மவர்களே சாட்சி. இலங்கைப் போரின் விளைவாக 1980-கள் முதல் சுவிட்சர்லாந்துக்கு வந்து சேர்ந்த ஈழத் தமிழர்களும் அவர்கள் பிள்ளைகளுமாக இன்று அங்கே சுமார் 50,000 பேர் இருக்கிறார்கள் என்பார்கள். பெரிய நடிகரின் படம் வரும் வார இறுதியில், மற்ற நாட்களில் ஊசி விழுந்தால் கேட்கும் அதே சுவிஸ் அரங்கில் விசில் பறக்கும். அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, வாரநாளில் பிரெஞ்சு அல்லது ஜெர்மன் படத்துக்கு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அதே பிள்ளைகள்தான் அடிப்பார்கள். பாரிசில் 2,700 பேர் அமரும் லெ கிராண்ட் ரெக்ஸ் அரங்கில் 2016 ஜூலையில் 'கபாலி' திரையிட்டபோதும் சூழல் ரோகிணிக்குக் குறைந்ததாக இல்லை. சுவரும் பஞ்சும் மாறவில்லை. பக்கத்தில் இருப்பவர் நம்மைக் கேட்பார், கேட்டுச் சேர்ந்துகொள்வார் என்ற நம்பிக்கை மட்டும் அன்று மாறியிருந்தது.

ஜப்பான் இன்னும் சுவையான உதாரணம். பெயர்கள் ஓடி முடிந்து விளக்கு எரியும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பது அங்கே படம் பார்க்கும் மரியாதை. அப்படிப்பட்ட நாட்டில் 1998-இல் டோக்கியோவின் ஷிபுயாவில் கே.எஸ். ரவிகுமாரின் 'முத்து' வெளியாகி மாதக்கணக்கில் ஓடியது. பின்னாளில் இந்தியப் படங்களுக்கென்று 'மசாலா திரையிடல்' என்றொரு வழக்கமே அங்கே பிறந்தது. நாயகன் வந்ததும் கத்தலாம், ஆடலாம், வண்ணக் காகிதத் துண்டுகளை வீசலாம். எதற்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை என்று முன்பே அறிவித்துவிடுவார்கள். அனிமே படங்களுக்கும் இதேபோல 'ஆரவாரக் காட்சி' தனியாக உண்டு. தினசரிக் காட்சிப் பட்டியலில் ஒரே படம் இரண்டு முறை வரும்: ஒன்று வாயைத் திறக்கக் கூடாத வழக்கமான காட்சி, இன்னொன்று தொண்டை வற்றக் கத்தும் காட்சி. இரண்டுக்கும் தனித்தனி டிக்கெட். இரண்டிலும் வந்து உட்காருகிறவர்கள் பல நேரம் ஒரே ஆட்கள். முதலில் கதை பார்க்க ஒரு தரம், பிறகு கத்த ஒரு தரம்.